இரண்டு நதிகளும் ஒரு சைக்கிளும்

சமயபுரத்தில் புறப்பட்டுத் திருச்சிச் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சைக்கிளில் சென்றடைய விரும்பும் ஒருவருக்கு, பூமி சமதளமாகவும் தூரம் ஒரு மணி நேரத்தில் கடக்கத்தக்கதாகவும் அமைந்திருந்தும், வழியிலே நம்பர் 1 டோல்கேட்டை அடுத்துக் கொள்ளிடமும், மாம்பழச்சாலையை அடுத்துக் காவிரியும் குறுக்கிடுவதால், அவருடைய பிரயாணத்தின் க்ஷேமம் இரண்டு பாலங்களின் ஓரத்துச் சில அடி இடத்தையே நம்பி நிற்கிறது. சாலையிலே பின்னால் லாரி ஹாரன் அடித்தால் மண்ணில் இறங்கி ஒதுங்கலாம். பாலத்தில் எங்கே இறங்குவது?

சைக்கிள் விழாமல் ஓடும் ரகசியம், அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹாண்டில்பாரைத் திருப்பி, சரிகிற உடலுக்கு நேர் கீழே சக்கரங்களைக் கொண்டுவந்து சேர்ப்பதில் இருக்கிறது. வேகமாகப் போகையில் அதற்கு அற்பமான திருப்பமே போதும். வேகம் குறையக் குறையத் திருப்பமும் பெரிதாகி, வண்டி இடமும் வலமுமாக நெளியத் தொடங்கும். 30 அடிக்கு 1 அடி உயரும் ஓர் ஏற்றத்தில், ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ இருப்பதாக வைத்துக்கொண்டால், யாரோ 3 கிலோ பாரத்தைக் கயிற்றில் கட்டிப் பின்னுக்கு இழுப்பதற்கு அது சமானம். ஆக, பாலத்தின் முகப்பு ஏற்றத்தில், அதிக இடம் தேவைப்படும் அதே தருணத்தில்தான் சைக்கிள்காரருக்குக் குறைந்த இடம் கிடைக்கிறது.

அவரை உரசினாற்போல் கடக்கும் பேருந்தோ, முதலில் காற்றால் அவரை வெளியே தள்ளிப் பிறகு தன் பக்கமாக உள்ளே இழுக்கிறது. இந்தக் காற்றின் விசையும், மோதல் நேர்ந்தால் வெளிப்படும் இயக்க சக்தியும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தவை. அதாவது 30 கிலோமீட்டர் வேகம் 60 ஆனால் ஆபத்து இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. மாசியில் சமயபுரத்து அம்மனின் பூச்சொரிதலுக்கு மஞ்சளாடை உடுத்தி நடந்து வரும் பக்தர்களுக்கு வண்டிகள் வேகம் தணிந்து வழிவிடுவதைப் பார்த்திருக்கிறோம். அம்மன் பெயரால் கிடைக்கும் அந்த மரியாதை, அரசாங்கம் கொடுத்த இலவசச் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிளஸ் ஒன் மாணவிக்கு மற்ற நாட்களில் கிடைப்பதில்லை.

கொள்ளிடத்தில் 1928-இல் கட்டிய இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. 2016-இல் பக்கத்திலே புதிய பாலம் திறக்கப்பட்டதும், பழையதில் வாகனங்கள் நிறுத்தப்பட்டன. கனரக வண்டிகளின் பாரம் நீங்கிய அந்தப் பாலத்தைப் பழுது பார்த்துப் பாதுகாத்திருந்தால், நடப்போருக்கும் மிதிப்போருக்கும் அதைவிடச் சிறந்த வழி இந்த ஜில்லாவிலேயே அமைந்திராது என்பது என் அபிப்பிராயம். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. அந்தச் சந்தர்ப்பமும் அத்துடன் முடிந்தது.

காவிரியில் அதே சந்தர்ப்பம் மறுபடி வந்திருக்கிறது. 1976-இல் திறக்கப்பட்ட பாலம் 2022 இறுதியில் பராமரிப்புக்காக மூடப்பட்டு, 2023 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. அதை ஒட்டியே புதிய பாலத்துக்கும் ஏற்பாடாயிற்று. பாரத்தைப் புதியது பகிர்ந்துகொள்ளும்போது, பழையதில் ஓரத்தைச் சைக்கிளுக்கென்று ஒதுக்குவதில் என்ன கஷ்டம்? 1971-இல் மட்டும் சாலை விபத்துக்களில் 3,000-க்கு மேற்பட்டவர்களை, அவர்களில் 400-க்கு மேற்பட்ட குழந்தைகளை, இழந்த நெதர்லாந்து தேசத்தார், அதன் பிறகே தெருவில் இறங்கிப் போராடித் தனிப் பாதைகளைப் பெற்றார்கள். நாம் அத்தனை விலை கொடுத்துக் கற்க வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிள்கள் அதிலும் நுழைந்துவிடுமே என்பார்கள். நுழையத்தான் நுழையும், லாரி நுழையாது என்பதே பாதி வெற்றி. ஆனால் வெள்ளைக் கோடு மட்டும் போட்டு நிறுத்திவிடாமல், சக்கரம் ஏறாத உயரத்தில் ஒரு கான்கிரீட் திண்டையும் நெடுக எழுப்பிவிடுமாறு நெடுஞ்சாலைப் பொறியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.