முடிவிலா ஆட்டமும் சதாவதானமும்

தோற்றுவாய்

புதிர் விடுத்தலும் அதனை விடுவித்தலும் தமிழர்க்குப் புதியன அல்ல. தொல்காப்பியர் யாப்பின் வகை ஏழனுள் பிசியையும் ஒன்றாக வைத்து எண்ணினார். காலந்தோறும் புதிரின் வடிவம் மாறினும், அதன்முன் அமரும் மனத்தின் இயல்பு மாறவில்லை. இன்று நம் மாணவர் பலர் கைப்பேசியில் ஆடும் புதிர் விளையாட்டுகளில் முடிவிலா ஆட்டம் என்றொரு முறை உண்டு. அதில் வெற்றிக்கோடு இல்லை. எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கின்றோம் என்பதே கணக்கு. அவ்வாட்டத்தை எதிர்கொள்ளும் முறையினையும், அதற்கு நிகராக நம் மரபில் விளங்கிய சதாவதானக் கலையினையும் ஒப்பு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அத்தா கேட்ட வினா

1990களின் நடுவில், வளைகுடா நாட்டிலிருந்து திண்டுக்கல் திரும்பிய உறவினர் ஒருவர் 'பிரிக் கேம்' என்னும் சிறு கருவியை நம் இல்லத்திற்குக் கொணர்ந்தார். பாடநூலை மறந்து இரவெல்லாம் அதனுடன் கழித்தோம். ஒருநாள் அத்தா அதனை வாங்கிச் சிறிது நேரம் உற்று நோக்கிவிட்டு, "இதுல கடைசியில ஜெயிக்கிறது யாருப்பா?" என்று கேட்டார். விடை கூற இயலவில்லை. கருவி அலமாரிக்குள் சென்றது. வினா மட்டும் நம்முடன் தங்கிவிட்டது. வகுப்பில் மேசைக்கடியில் கைப்பேசி ஆடும் மாணவரைக் கடியும்போதெல்லாம் அது நினைவிற்கு வருகின்றது.

ஆட்டத்தின் இயல்பு

அக்கருவியில் ஆடியது டெட்ரிஸ் என்னும் ஆட்டத்தின் சாயல். 1984ஆம் ஆண்டு மாஸ்கோவில், சோவியத் அறிவியற் கழகத்தின் கணிப்பொறி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னவ் டெட்ரிஸை உருவாக்கினார். நான்கு சதுரங்கள் இணைந்த ஏழு வடிவங்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக வீழும். அவற்றைத் திருப்பியும் நகர்த்தியும் இடைவெளியின்றி அடுக்குதல் வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அது மறையும். அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடியும். நிலை உயர உயர வீழும் விரைவும் மிகும்.

நீடிக்கும் முறை

இதில் நீடிக்க விரும்புவோர் மேற்பரப்பை இயன்றவரை சமனாக வைத்தல் வேண்டும். மேலே மூடப்பட்ட வெற்றிடம் ஒன்றும் உண்டாகாமல் காத்தல் வேண்டும். நம் ஊர்ப் பூட்டில் உள்ள தகடுகள் அனைத்தும் உரிய உயரத்திற்கு எழுந்தாலன்றித் தாழ் நகராது. ஒரு தகடு பிழைத்தாலும் திறவாது. இங்கும் ஒரு வெற்றிடம் ஒரு வரிசை முழுவதையும் தடுத்துவிடும். கையிலுள்ள வடிவத்தை மட்டுமன்றி, அடுத்து வருவதையும் கண்டு இடம் தேர்தல் மூன்றாவது நெறி. ஓரத்து நிரலை வெறுமையாக விட்டு, நீண்ட துண்டினால் நான்கு வரிசைகளை ஒருங்கே நீக்கினால் மதிப்பெண் பெருகும். ஆயினும் அடுக்கு உயர்ந்துவிட்டபோது அவ்வாசையைத் துறந்து, ஒவ்வொரு வரிசையாக நீக்கித் தாழ்த்துவதே அறிவுடைமை. பலர் தோற்பது இடர் வந்தபோது அன்று. நான்கு வரிசை நீங்கிய மகிழ்ச்சியில் கண் அயர்ந்தபோதே. வள்ளுவர் பொச்சாவாமை என ஓர் அதிகாரமே வகுத்ததன் பொருள் இங்கு விளங்கும்.

நின்டெண்டோ நிறுவனம் 1989இல் வெளியிட்ட வடிவில் 29ஆம் நிலையின் விரைவே மனிதக் கைக்கு எல்லை எனப் பல்லாண்டு கருதப்பட்டது. பின்னர் ஆட்டக்காரர்கள் கருவியின் பின்புறத்தைப் பல விரல்களால் அடுத்தடுத்துத் தட்டும் முறையைக் கண்டனர். 2023 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவர் வில்லிஸ் கிப்சன் 157ஆம் நிலையை எட்டியபோது, ஆட்டமே உறைந்து நின்றது. சிறுவர் களைக்குமுன் நிரல் களைத்தது.

சதாவதானம்

இத்தகைய சோதனையைப் பொறியின்றி, அவையின் நடுவே ஏற்றவர் நம் அவதானியர். எட்டுச் செயல்களில் ஒருங்கே கவனம் செலுத்துவது அட்டாவதானம், பத்து, தசாவதானம், நூறு, சதாவதானம். முதுகில் எறியப்படும் கற்களையும் ஒலிக்கும் மணியையும் எண்ணுதல், ஈற்றடி கொடுத்தார்க்கு வெண்பாப் பாடுதல், கணக்கிற்கு விடை கூறுதல் எனப் பலவும் அதில் அடங்கும்.

நாகர்கோவிலை அடுத்த கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். இசுலாமியருக்கு இராமன் துணை எனப் பொருள்படும் ஈற்றடியைத் தந்து ஒருவர் அவரை மடக்க முயன்றார் என்பர். பாவலரோ முன்னடியின் இறுதியில் ஓர் அசையைச் சேர்த்து, அச்சொல்லைச் சத்துருக்கன் என்னும் பெயராக்கி, தம்பியர்க்கு அண்ணன் துணையாதலைப் பாடி முடித்தாராம். சிக்கலான துண்டு வீழ்ந்தபோது அதற்குரிய இடத்தை முன்னரே சமைத்துக்கொண்ட திறம் இதுவன்றோ!

ஒப்பும் வேறுபாடும்

பதறாமை, வரிசைப்படுத்தல், அடுத்ததை எதிர்நோக்கல் ஆகியன இரண்டிற்கும் பொது. ஆயின் ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. ஆட்டத்தில் நிறைந்த வரிசை மறைந்துவிடும்; அதனை நினைவில் வைக்க வேண்டுவதில்லை. அவதானத்திலோ ஏற்றவை அனைத்தையும் உள்ளத்தில் நிறுத்தி, இறுதியில் அவையோர்க்கு மீட்டளித்தல் வேண்டும். முன்னது விடுதலைப் பயிற்றுகின்றது. பின்னது பற்றலைப் பயிற்றுகின்றது. மாணவர்க்கு இரண்டும் வேண்டும். முன்னது மட்டுமே கைவருமாயின், நாற்பது நிமிடம் கண்ணிமைக்காது ஆடியவர் மூன்று மணி நேரத் தேர்வில் பாதியிலேயே எழுந்து செல்வதைக் காண்கின்றோம்.

முடிவுரை

எனவே, ஆட்டத்தை முற்றும் பழிப்பதனால் பயனில்லை. நம் மாணவரிடம் கவனம் இல்லை என்பது பிழை. அக்கவனம் அவையேறவில்லை என்பதே உண்மை. ஆண்டுதோறும் நம் தமிழ் மன்றத்தில் ஓர் எளிய அவதான அரங்கினை அமைக்கலாம். மணியோசை எண்ணல், ஒரு கணக்கு, ஓர் ஈற்றடி என மூன்றே செயல்களுடன் தொடங்கலாம். பின் எட்டிற்கு உயரலாம்.

அத்தா இன்றிருந்தால் அவர்க்கு ஒருவாறு விடை கூறுவோம்: ஆட்டத்தில் இறுதியில் வெல்வார் எவருமிலர், ஆனால் அங்குப் பழகிய கவனத்தைப் பிறர்க்குப் பயன்படும் இடத்திற்குக் கொண்டு செல்பவர் தோற்பதில்லை.