லை, லே: ஆங்கிலத்தின் தன்வினையும் பிறவினையும்

'நேற்று முழுக்கப் படுக்கையில் கிடந்தேன்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், 'ஐ லெய்ட் இன் பெட்' என்பவர்கள் ஏராளம். 'ஐ லே இன் பெட்' என்பதே சரி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். பாப் டிலன் 1969இல் வெளியிட்ட 'லே லேடி லே' பாட்டின் தலைப்புகூட, இலக்கணப்படி 'லை லேடி லை' என்றுதான் இருந்திருக்க வேண்டும்.

'லை' என்றால் கிடத்தல், படுத்தல். அதன் மூன்று வடிவங்கள் லை, லே, லெய்ன். 'லே' என்றால் ஒன்றைக் கிடத்துதல், வைத்தல். கோழி முட்டையிடுவதும் இந்த வினைதான். இதன் வடிவங்கள் லே, லெய்ட், லெய்ட். முதல் வினையின் இறந்தகாலமும் இரண்டாம் வினையின் நிகழ்காலமும் ஒரே சொல்லாக இருப்பதால்தான் இவ்வளவு தடுமாற்றம். பொய் சொல்வதைக் குறிக்கும் 'லை' வேறு வேரிலிருந்து வந்தது. அதன் இறந்தகாலம் 'லைட்'. அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தமிழ் தெரிந்தவருக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. கிடந்தான், கிடத்தினான் என்று சொல்லிப் பாருங்கள். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. 'லை', 'லே' இரண்டுக்கும் இடையே உள்ள உறவு இதுதான். இதேபோல, 'ரைஸ்' என்றால் எழு, 'ரெய்ஸ்' என்றால் எழுப்பு. 'சிட்' என்றால் இரு, 'செட்' என்றால் இருத்து. 'ஃபால்' என்றால் வீழ், 'ஃபெல்' என்றால் வீழ்த்து. நான்கு இணைகளுக்கும் தமிழில் நேர் இணைகள் இருக்கின்றன. தமிழும் ஆங்கிலமும் வெவ்வேறு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்தவை. ஆனாலும் வினைச்சொல்லின் உள்ளேயே ஒலியை மாற்றிப் பிறவினை ஆக்கும் வழக்கம் இரண்டிலும் உண்டு. தமிழ் மெல்லினத்தை வல்லினமாக்குகிறது: திருந்து, திருத்து, அடங்கு, அடக்கு. ஆங்கிலம் உயிரொலியை மாற்றியது.

அது மாறிய விதம் சுவையானது. ஆங்கிலம், ஜெர்மன் முதலியவற்றுக்கு மூதாதையான மொழியில், இறந்தகால வடிவத்தின் உயிரொலியை எடுத்துக்கொண்டு, அதன் பின்னால் யகரம் கொண்ட ஒரு விகுதியைச் சேர்த்துப் பிறவினை ஆக்கினார்கள். அந்த யகரம் தனக்கு முன்னால் இருந்த அகரத்தை எகரமாக இழுத்துவிட்டுத் தான் மறைந்துபோனது. பழைய ஆங்கிலத்தில் உட்காருவது 'சிட்டன்', உட்கார வைப்பது 'செட்டன்'. குடிப்பது 'ட்ரின்கன்', குடிக்க வைப்பது 'ட்ரென்ச்சன்'. தொப்பலாக நனைப்பதைக் குறிக்கும் இன்றைய 'ட்ரென்ச்' அதிலிருந்து வந்ததுதான். 'ரெய்ஸ்' மட்டும் இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்த சொல். அதன் உள்நாட்டு உடன்பிறப்பான 'ரியர்' இன்று பிள்ளை வளர்க்கவும் ஆடுமாடு வளர்க்கவும் பயன்படுகிறது. அக்காலத்தில் லை, லே வடிவங்கள் தனித்தனியாக ஒலித்தன. நூற்றாண்டுகளின் தேய்மானத்தில் இரண்டு ஒலிகள் ஒன்றாகிப்போனதன் விளைவை இன்று நாம் அனுபவிக்கிறோம்.

எழுதும்போது 'எதை?' அல்லது 'யாரை?' என்று வினையைக் கேளுங்கள். விடை கிடைத்தால் பிறவினை. 'த நர்ஸ் லெய்ட் த பேபி ஆன் த பெட்.' யாரைக் கிடத்தினார்? குழந்தையை. 'த பேபி லே தேர் டில் மார்னிங்.' இங்கே அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. விலை தானாக ஏறினால் 'ரோஸ்', கடைக்காரர் ஏற்றினால் 'ரெய்ஸ்டு'. மரம் காற்றில் விழுந்தால் 'ஃபெல்', கோடரியால் வீழ்த்தப்பட்டால் 'ஃபெல்டு'. 'செட்' மட்டும் கொஞ்சம் வழிமாறிய சொல். சூரியன் மறைவதையும் 'செட்ஸ்' என்கிறார்கள். அங்கே செயப்படுபொருள் கிடையாது. அதை விதிவிலக்காக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பள்ளிகளில் இந்த வினைகளை மூன்று பத்திப் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். தேர்வு முடிந்ததும் பட்டியல் மறந்துவிடுகிறது. ஆங்கில ஆசிரியர்களே, லை, லே நடத்தும் நாளில் முதலில் கரும்பலகையில் கிடந்தான், கிடத்தினான் என்று எழுதுங்கள். தமிழ் வகுப்பில் பிள்ளைகள் ஏற்கெனவே படித்த தன்வினையையும் பிறவினையையும் அங்கிருந்தே ஆங்கிலத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.