நோவுக் குளிசையும் நமது ஈரலும்

கண்டி மாநகரத்து வைத்தியசாலையொன்றில் பித்தநாளத்திற் சத்திரசிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஒருவரை மனத்திற் கொள்வோம். அடைத்திருந்த கல் அகன்றது, காமாலையும் தணிகின்றது. ஆயினும் இரவானதும் காயம் நோகின்றது. அயலவர் அன்புடன் தம் வீட்டுக் குளிசையொன்றைக் கொண்டுவருகின்றார். அன்பு பெரிதுதான், ஆனால் அக்குளிசை யாதென்று நாம் கேட்டறிய வேண்டாமா?

ஈரலிற் சுரக்கும் பித்தம் குடலை அடையும் வழியே பித்தநாளம். அது அடைபட்டிருந்த காலத்தில் கொழுப்பு நன்கு செரிப்பதில்லை. ஆதலால் இரத்தம் உறைவதற்கு வேண்டிய 'கே' விற்றமினும் உடலிற் குன்றிவிடும். இந்நிலையில் அஸ்பிரின், டைக்குளோபினாக், இபுபுரூபன் போன்றவை இரைப்பைப் புண்ணையும் இரத்தப்பெருக்கையும் உண்டாக்கக் கூடும், சிறுநீரகத்தையும் வருத்தும். வைத்தியர் சொல்லாமல் இவற்றைத் தொடலாகாது.

பெரும்பாலும் முதலில் விதிக்கப்படுவது பரசிற்றமோலே. வளர்ந்தவர் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு உண்ணலாம். 24 மணி நேரத்தில் 8 குளிசைகளுக்கு மேற்படலாகாது. உடல் மெலிந்தோருக்கும், ஈரல் பழுதுற்றோருக்கும், மது அருந்துவோருக்கும் அளவு இன்னுங் குறைவு. அதனை வைத்தியரே வரையறுப்பார். அளவு மிஞ்சினால் நோவைத் தீர்க்கும் மருந்தே ஈரலைத் தீர்த்துவிடும்.

இங்கே ஓர் இடர் மறைந்துள்ளது. ஒரே மருந்து பல வர்த்தகப் பெயர்களில் விற்கப்படுகின்றது. தடிமன் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் கலந்துள்ளது. இரண்டையும் விழுங்குபவர் தம்மை அறியாமலே இரட்டிப்பு அளவு உண்கின்றார். கண்டித் திரித்துவக் கல்லூரியிற் பயின்று, பேராதனை மருத்துவ பீடத்திற் பேராசிரியராக விளங்கிய சேனக பிபிலே (1920–1977), மருந்தை அதன் மூலப்பெயராலேயே எழுதவேண்டுமென வற்புறுத்தினார். 1971இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவரும் அவரே. மக்களின் பணத்தைக் காக்க எழுந்த அக்கொள்கை, உயிரையுங் காக்க வல்லது. பெட்டியின் மேலுள்ள பெரிய எழுத்தை விடுத்து, கீழுள்ள சிறிய எழுத்தை வாசிக்க நாம் பழக வேண்டும். வீட்டிலுள்ள மாணவர் இப்பணியைப் பெற்றோருக்குச் செய்து கொடுக்கலாம்.

குளிரும் நடுக்கமுமாய்க் காய்ச்சல் வந்தாலும், கண் மீண்டும் மஞ்சளித்தாலும், சிறுநீர் கருத்து மலம் வெளிறினாலும், நோவு நாளுக்கு நாள் ஏறினாலும் குளிசையைத் தேடலாகாது. தாமதியாது வைத்தியசாலையை நாடவேண்டும். நோவு சிலவேளை பகையன்று. உள்ளே நேர்ந்ததை உரைக்க வந்த தூதாகும். தூதுவனின் வாயை அடைத்துவிட்டுச் செய்தியை இழப்பது அறிவுடைமை ஆகுமா?