சைனஸ் சிகிச்சையும் தொலைபேசிப் பாடமும்

அனகாபுத்தூர் நெசவாளர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அடுத்த மாதம் எனக்குச் சைனஸ் ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா போன் செய்து அரை மணி நேரம் பாடம் நடத்தினார். ஆபரேஷன் செய்யப்போகிறவர் டாக்டர். பாடம் எனக்கு எதற்கு?” நியாயமான கேள்வி. இதற்கு விடை மூக்குக்குள்ளேயே இருக்கிறது.

கன்னத்து எலும்பினுள் இருக்கும் காற்றறையின் வடிகால் தரையில் இல்லை; கூரையையொட்டி இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தைக் கண்ட ஊராருக்கு, நீர் பள்ளத்தை நோக்கியே வடியும் என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. இந்த அறையிலோ, சுவரெங்கும் அடர்ந்த நுண்ரோமங்கள், விநாடிக்குப் பத்துத் தடவைக்குமேல் துடித்து, சளிப் படலத்தை நிமிஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் மேலே ஏற்றி, அந்த உயர்ந்த வாயில் வழியே வெளியேற்றுகின்றன. முன்னே வீசும்போது ரோமம் விறைத்து நிமிர்ந்து, நுனியால் மேற்படலத்தைத் தள்ளுகிறது. திரும்பும்போது வளைந்து, அடியிலுள்ள நீர்த்த படலத்துக்குள் பதுங்கி வருகிறது. ஆகையால் தள்ளியது பின்னுக்கு வருவதில்லை.

கூரையில் ஜலதாரை வைத்துக் கட்டிய ஒரு வீட்டில், லட்சக்கணக்கான வேலையாட்கள் கைக்குக் கை குடம் மாற்றித் தண்ணீரை மேலேற்றுவதாகக் கொள்வோம். வீட்டுக்காரர் இரங்கித் தரையோரம் புதிய மடை உடைத்துக் கொடுத்தாலும், அவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு சென்று, பழைய வாயிலிலேயே குடத்தைக் கவிழ்ப்பார்கள். அது அடைபட்டால் அதனடியிலேயே தேங்கி நிற்பார்கள். புகையிலைப் புகை மண்டினால் கை ஓய்வார்கள்.

1890-களில் கால்ட்வெல், லுக் என்னும் இருவரும் மேலுதட்டின் உட்புறம் கீறிச் செய்த சிகிச்சையில் இடப்பட்டது அத்தகைய கீழ் மடைதான். ஆஸ்திரியாவின் மெஸ்ஸர்கிளிங்கர் ரோமங்களின் பாதையை ஆராய்ந்து காட்டிய பிறகே, இயற்கை வாயிலையே எண்டோஸ்கோப்பால் திறக்கும் இன்றைய முறை நிலைபெற்றது.

ஆக, டாக்டர் வாயிலைத் திறக்கிறார். ரணம் ஆறி ரோமங்கள் தம் தொழிலுக்குத் திரும்ப வாரங்கள் பல ஆகும். அதுவரை உப்புநீரால் மூக்கைக் கழுவி அவற்றின் வேலையைச் செய்ய வேண்டியவர் நோயாளியே. மயக்க மருந்தின் அசதி தெளியாத நாளில் அந்தப் பாடம் மனத்தில் தங்காது. வீட்டில், மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, குடும்பத்தாரும் உடனிருந்து கேட்கும்போது தங்கும். ஆஸ்பிரின் போன்றவற்றை எப்போது நிறுத்துவது (இருதய நோயுள்ளவர் தாமாக நிறுத்தலாகாது), எத்தனை மணி நேரம் பட்டினி, ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கைச் சிந்தாதிருப்பது, வாயைத் திறந்து தும்முவது, காய்ச்சி ஆறிய நீரால் மட்டுமே கழுவுவது ஆகிய யாவும் அதில் அடங்கும். கேரளத்தில் உயிர்களைப் பறித்த அமீபா மூக்கின் வழியேதான் மூளையை அடைகிறது என்பதை நினைத்தால், அந்தக் கடைசி விதியின் கனம் விளங்கும்.

2020 மார்ச்சில் வெளியான தேசியத் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளும் இத்தகைய சுகாதாரப் போதனையை அங்கீகரித்திருக்கின்றன. ஆயினும் பதிவு செய்த குரலை ஒலிக்கவிடுவது போதனை ஆகாது. ஸ்கேனுக்கும் நேர்ப் பரிசோதனைக்கும் தொலைபேசி ஈடாகாது. “சைனஸை நிரந்தரமாக ஒழிப்போம்” என்னும் விளம்பரங்களும் நம்பத்தக்கவையல்ல, ஏனெனில் ஒவ்வாமையைக் கத்தியால் அறுத்தெறிய இயலாது.

எனவே, ஐயா, அந்த அரை மணி நேரத்தைச் சிகிச்சையின் முதற்பகுதியாகவே கொள்ளுங்கள். கேட்டதை உங்கள் வார்த்தைகளில் நர்ஸம்மாவிடம் திருப்பிச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பின்னர் பார்வை மங்கினாலோ, ரத்தம் நில்லாவிட்டாலோ, ஒரு நாசியில் தெளிந்த நீர் ஒழுகினாலோ, தொலைபேசியை நம்பி வீட்டில் இராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.