முளைக்காத விதை கற்பித்த பாடம்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். மாடியில் நான் விதைத்தவையோ முளைக்கவே இல்லை. பிழை விதையிலா, விதைத்த கையிலா என்று ஆராய்ந்தபோது, பெரும்பாலும் கையில்தான் என்பது புலனாயிற்று.

என் தாயார் மறைந்த சில மாதங்களில் அவர் வளர்த்த துளசியும் பட்டுப்போனது. பூசையறையில் அவர் வைத்திருந்த காகிதப் பொட்டலத்தில் அச்செடியின் உலர்ந்த பூங்கதிர்கள் மட்டும் எஞ்சியிருந்தன. அவற்றை உதிர்த்து விதைகளை எடுத்தேன்.

முதன்முறை, அவற்றில் ஒரு பங்கை விரற்கடை ஆழத்தில் புதைத்தேன். மூன்று வாரங்கள் காத்திருந்தும் பயனில்லை. துளசி விதை மிகச் சிறியது. அதனுள் சேமிக்கப்பட்ட உணவும் சொற்பமே. ஆழத்தில் புதைத்தால், முளை வெளிச்சத்தைக் காணுமுன்பே அவ்வுணவு தீர்ந்துவிடும். இத்தகைய விதைகளை ஈரமண்ணின் மேல் தூவி, சலித்த மண்ணை மெல்லிதாகப் பரப்பினாலே போதும்.

இரண்டாம் முறை, ஒரே வாரத்தில் நெருக்கமாக முளைத்தன. மகிழ்ச்சி மிகுதியால் காலையும் மாலையும் நீர் ஊற்றினேன். சில நாள்களில் தண்டின் அடிப்பகுதி கருத்து, மெலிந்து, நாற்றுகள் சாய்ந்தன. இது நாற்றழுகல் நோய். பித்தியம் போன்ற நோய்க்கிருமிகள் ஈரம் மிகுந்த, காற்றோட்டமற்ற மண்ணில் பெருகி நாற்றுகளை வீழ்த்துகின்றன. தொட்டியில் வடிகால் துளை இருத்தல், விதைகளைக் கலக்கமாகத் தூவுதல், மேல்மண் சற்று உலர்ந்த பின்னரே நீர் தெளித்தல் ஆகியவையே இதைத் தவிர்க்கும் வழிகள். அன்பின் மிகுதியும் செடியைக் கொல்லும் என்பதை அன்று உணர்ந்தேன்.

எஞ்சியவை ஒரு சிட்டிகை விதைகளே. அவற்றையும் இழக்க அஞ்சி, கொத்தமல்லியில் பழகத் தொடங்கினேன். நாம் கொத்தமல்லி விதை என்று அழைப்பது உண்மையில் ஒரு கனி. அதனுள் இரண்டு விதைகள் உள்ளன. மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிரித்து, ஓர் இரவு ஊறவைத்து விதைப்பது நல்லது. கோடையில் விதைத்தவை குறைவாகவே முளைத்தன. முளைத்தவையும் தழைக்காமல் விரைவில் பூத்துவிட்டன. ஐப்பசியில் விதைத்தவை செழித்தன. ஒவ்வொரு முறையும் ஆழம், நீர், பருவம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றி, நாள்குறிப்பில் எழுதினேன். அனைத்தையும் ஒருசேர மாற்றினால், எது பிழை என்பதை அறிய இயலாது.

மாசி மாதத்தில் அந்தக் கடைசிச் சிட்டிகையில் பாதியை மட்டும் விதைத்தேன். ஒன்பதாம் நாள் நான்கு முளைகள் தெரிந்தன. அவற்றுள் மூன்று பிழைத்தன. ஒன்று இன்று எங்கள் மாடத்தில் நிற்கிறது. மற்றொன்றைத் தங்கைக்கும், மூன்றாவதை அண்டை வீட்டாருக்கும் கொடுத்தேன். ஓரிடத்தில் பட்டுப்போனாலும் வேறோரிடத்தில் அது வாழும்.

விதைப்போருக்கு நான் கூற விரும்புவது இதுதான். கையில் உள்ள விதை முழுவதையும் ஒரே நாளில் விதைத்துவிடாதீர்கள். பிழை நேர்வது இயல்பு. அதைத் திருத்திக்கொள்ளப் பாதி விதையேனும் மிஞ்சியிருக்க வேண்டும்.