'இது தப்பு'ன்னு கம்ப்யூட்டர் சொல்லும்... ஏன் அந்தத் தப்பைச் செஞ்சீங்கன்னு சொல்லுமா?

செஸ் டோர்னமென்ட் நடக்கும் எந்த ஹாலின் வாசலிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். தோற்றுவிட்டு முகம் வாடி வெளியே வருகிறான் பையன். "எங்கடா விட்டே?" என்று அம்மா கேட்கிறார். "தெரியலம்மா... வீட்டுக்குப் போய் இன்ஜின்ல போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்" என்கிறான். இரண்டு மணி நேரம் ஆடியது அவன்தான்!

வீட்டில் ஆட்டத்தை கம்ப்யூட்டரில் ஏற்றியதும் ரிசல்ட் ரெடி. 23-வது மூவில் சிவப்புக் கேள்விக்குறி. குதிரையை நகர்த்தியது தவறு, யானையை நகர்த்தியிருக்க வேண்டும். "ஓ... சரி" என்று லேப்டாப்பை மூடிவிடுகிறான். அடுத்த வாரம் அதே மாதிரி இன்னொரு தோல்வி. எங்கே இடிக்கிறது?

எண் வரும், காரணம் வராது

ஸ்டாக்ஃபிஷ் போன்ற செஸ் இன்ஜின்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. விநாடிக்கு லட்சக்கணக்கான நிலைகளை அலசி, கடைசியில் ஓர் எண்ணைக் கொடுக்கும். +1 என்றால் வெள்ளைக்கு ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவுக்குச் சாதகம். 0.00 என்றால் சமநிலை. 1997-லேயே உலக சாம்பியன் காஸ்பரோவை ஐ.பி.எம்-மின் டீப் புளூ தோற்கடித்துவிட்டது. இன்று போனில் ஓடும் இன்ஜினே எந்த மனிதரையும்விட பலமானது. அது காட்டும் மூவ் சரியா என்று நாம் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஆனால், அந்தப் பையன் என்ன நினைத்து குதிரையைத் தொட்டான் என்பது அதற்குத் தெரியாது. எதிராளியின் மிரட்டலைக் கவனிக்கவில்லையா? கவனித்தும் கணக்கைப் பாதியில் விட்டானா? கடிகாரத்தைப் பார்த்துப் பதறினானா? மூன்றுக்கும் திரையில் ஒரே சிவப்புக் குறிதான். மருந்துதான் வேறு வேறு.

சமநிலைன்னா ஈஸியா?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது, கடைசி ஆட்டம். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். ஆனாலும் இன்ஜின் கணக்குப்படி அது டிராவில் முடியவேண்டிய நிலை. குகேஷ் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். 55-வது மூவில் டிங் லிரன் யானையைத் தவறான கட்டத்தில் வைக்க, யானையும் பிஷப்பும் வெட்டுப்பட்டு, ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சின. 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்!

ஒருவருக்கு நிதானமாக நடக்கிற பாதை, இன்னொருவருக்குக் கம்பிமேல் நடை. இன்ஜினின் 0.00 இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

குகேஷின் ஆரம்பகாலப் பயிற்சியும் இங்கே கவனிக்க வேண்டியது. அவர் கிராண்ட் மாஸ்டர் ஆகும் வரை, அவரை இன்ஜின் பக்கமே போகவிடவில்லை கோச் விஷ்ணு பிரசன்னா. சொந்தமாக யோசித்து, சொந்தமாகக் கணக்குப் போடும் பழக்கம் முதலில் வரட்டும் என்பதுதான் யோசனை. 2019-ல் 12 வயதில் குகேஷ் அந்தப் பட்டத்தைப் பெற்றார். பெரிய வீரர்கள் எல்லோருமே இன்ஜினை வைத்துத்தான் தயாராகிறார்கள், உண்மைதான். ஆனால், அதன் பதிலை எடைபோடும் அளவுக்கு அவர்களிடம் சொந்த யோசனை இருக்கிறது.

அப்போ என்ன செய்யலாம்?

* ஆட்டம் முடிந்ததும் முடிந்தால் எதிராளியுடனேயே உட்கார்ந்து பேசுங்கள். அவர் என்ன பார்த்தார், நாம் என்ன பார்க்கவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

* எங்கே அதிக நேரம் யோசித்தோம், எங்கே பயந்தோம், எங்கே குழம்பினோம் என்று நோட்டில் எழுதுங்கள். அதற்குப் பிறகே இன்ஜினை ஆன் செய்யுங்கள்.

* இன்ஜின் வேறு மூவ் காட்டினால், உடனே தலையாட்ட வேண்டாம். நீங்கள் நினைத்த மூவையே அதற்கு எதிராக ஆடிப் பாருங்கள். அது எப்படி உடைக்கிறது என்பதுதான் பாடம்.

* ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரே ஒரு வரி எழுதிவைத்தால் போதும். 'அவன் அடுத்து என்ன செய்வான்னு பார்க்கல' என்கிற மாதிரி. பத்து ஆட்டம் கழித்துப் புரட்டினால், எந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். பயிற்சியை அங்கே தொடங்குங்கள்.

அடுத்த முறை "எங்கடா விட்டே?" என்று கேட்கும்போது, "அவன் ராணியைக் கிட்ட கொண்டுவந்ததும் பயந்துட்டேம்மா, அவசரத்துல குதிரையை நகர்த்திட்டேன்" என்று பதில் வந்தால் சந்தோஷப்படுங்கள். தோற்றிருந்தாலும் பிள்ளை முன்னேற ஆரம்பித்துவிட்டான்.