உஷார்! வேலிக் கொப்பு கூட்டுக்குள் போகிறது

போன சனிக்கிழமை தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். மகள் ஒரு பிடி கொப்புகளோடு வந்து கினிப்பன்றிக் கூட்டின் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். கையிலிருந்த கொப்பில் கரும்பச்சை ஊசி இலைகள் சீப்புப் பற்கள் மாதிரி இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. நடுவில் ஒரேயொரு சிவப்புப் பழம். கிண்ணம் போலக் குழிந்த அந்தப் பழத்துக்குள் கருத்த விதை.

“எங்க பிள்ளை முறிச்சனீ?”

“பக்கத்து வீட்டு வேலியிலயப்பா. கடிக்கிறதுக்குக் குச்சி வேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

சொன்னது நான்தான். எந்தக் குச்சி என்று சொல்லவில்லை.

அந்த வேலி டாக்ஸ் என்ற மரம். டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் வீட்டுக்கு வீடு வேலி வெட்டும் நாட்கள் இவை. வெட்டிய கொப்புகள் நடைபாதை ஓரம் குவிந்து கிடக்கின்றன. டாக்ஸ் மரத்தில் பழத்தின் சிவப்புச் சதையைத் தவிர இலை, பட்டை, விதை எல்லாமே நஞ்சு. அதிலுள்ள டாக்சின் நேரே இதயத் துடிப்பில் கை வைக்கும். காய்ந்தாலும் நஞ்சு போகாது. அதைத் தின்ற குதிரையும் மாடும் நின்ற இடத்திலேயே விழுந்து செத்திருக்கின்றன. நம் வீட்டுக் கினிப்பன்றியின் எடை ஒரு கிலோ. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் மஞ்சள் அலரிக் கொட்டையைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. டாக்ஸ் வேலியைப் பார்க்கும்போது அலரியைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களைக் குறிவைத்து ஏமாற்றுகிற மரம் இன்னொன்று இருக்கிறது. மே, ஜூனில் மஞ்சள் பூச்சரம் தொங்கும். பார்த்தவுடன் ‘ஐயோ, எங்கட கொன்றை!’ என்று நெஞ்சு இளகும். அது கொன்றை இல்லை. டேனிஷில் பெயர் குல்ட்ரைன், அதாவது பொன்மழை. பூவிலிருந்து பட்டை வரை சைட்டிசின் என்ற நஞ்சு. லிகுஸ்டர் வேலி, ரோடோடென்ட்ரன், லாரல் செர்ரி எல்லாமே இந்த வரிசைதான். செர்ரி, பிளம் கொப்புகளும் வேண்டாம். அவற்றின் இலை வாட வாட சயனைடு கிளம்பும், ஆகவே ‘வாடினது தானே’ என்று கொடுப்பது இன்னும் மோசம். நத்தார் முடிந்ததும் வீட்டு மரத்தின் கொப்பை ஒடித்துக் கூட்டுக்குள் போடுகிறவர்களும் உண்டு. அந்த மரத்துக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

இவ்வளவு பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. கினிப்பன்றியால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான்.

சரி, கடையிலேயே ‘இயற்கை’ என்று அச்சடித்து விற்கும் குச்சியை வாங்கிவிட்டால்? அதிலும் எனக்குச் சண்டை உண்டு. பல் தேயும் என்று நம்பித்தானே குச்சி வாங்குகிறோம்? கினிப்பன்றிக்கு 20 பற்கள், அத்தனையும் சாகும்வரை வளரும். குச்சியைக் கொறிக்கும்போது தேய்வது முன்னால் தெரிகிற நான்கு மட்டும். ஆபத்து பின்னாலுள்ள பதினாறில். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் அவை தேயும். தேயாவிட்டால் கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்ளே சாய்ந்து, நாக்கின் மேல் பாலம் கட்டிவிடும். கினிப்பன்றி பசியோடு தட்டுக்கு ஓடி வரும், வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும். நாடி எப்போதும் ஈரமாக இருக்கும். வாயைத் திறந்து முன்பல்லைப் பார்த்துவிட்டு ‘பல் நல்லாத்தான் இருக்கு’ என்று நாம் நிம்மதியாக இருப்போம்.

அந்தப் புல்லை வாங்கப் போகும்போது ஒரு மொழிச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. வைக்கோல் என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டையும் அடக்கிவிடுகிறோம். பையில் ஹல்ம் என்று இருந்தால் அது தானியத் தாள், படுக்கைக்கு. ஹோ என்று இருந்தால்தான் உலர்ந்த புல், தின்னுவதற்கு. ஒரு குடும்பம் மாதக்கணக்காக ஹல்ம் மட்டும் போட்டு வந்ததை என் கண்ணால் கண்டேன்.

கடையில் தொங்கும் தேன் பூசிய தானியக் குச்சிக்கு வருவோம். 1907இல் நோர்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் கினிப்பன்றிகளுக்குத் தானியத்தை மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். விட்டமின் சி இல்லாமல் அவற்றுக்கு ஸ்கர்வி வந்தது. இதே ஹோர்சன்ஸில் 1681இல் பிறந்த கடலோடி விட்டஸ் பெரிங்கின் மாலுமிகளை 1741இல் கூட்டமாகக் கொன்ற அதே நோய். மனிதரைப் போலவே இந்தப் பிராணிக்கும் விட்டமின் சியை உடம்பில் உண்டாக்கத் தெரியாது. இன்று அந்தச் சோதனைச் சாப்பாட்டில் தேன் தடவி, கயிறு கட்டி, ‘இயற்கை’ என்று விற்கிறார்கள். அதற்குக் கொடுக்கிற காசில் ஒரு குடைமிளகாய் வாங்கிக் கொடுங்கள். சாயம் பூசிய மரத்துண்டும் உப்புக் கட்டியும் வேண்டாம். வில்லோக் குச்சியில் பின்னிய பந்து நல்லதுதான், ஆனால் கொடுக்குமுன் பிரித்துப் பாருங்கள், நடுவில் கம்பி வைத்துக் கட்டியிருக்கலாம்.

குச்சியே கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பொழுது போகக் கொறிக்க ஏதாவது வேண்டும். மருந்து அடிக்காத ஆப்பிள், பேரி, ஹேசல், வில்லோ, பேர்ச் கொப்புகள் கொடுக்கலாம். உங்கள் வளவில் நின்ற, பெயர் உறுதியாகத் தெரிந்த மரமாக இருக்கட்டும். தெருவோரத்தில் முறிக்காதீர்கள், பனிக்காலத்தில் கொட்டும் உப்பும் நாய்களின் மூத்திரமும் அங்கேதான் சேரும். விரல் தடிப்பில் வெட்டி, சுடுதண்ணீரில் தேய்த்துக் கழுவி, காயவிட்டுக் கொடுங்கள். ஊரிலிருந்து வந்த வேப்பங்குச்சி கொடுக்கலாமா என்று ஒரு அம்மா கேட்டார். அதை நீங்களே வைத்துப் பல் தீட்டுங்கள், அம்மா.

வாரத்துக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து எழுதி வையுங்கள். பல் கோளாறை முதலில் காட்டிக்கொடுப்பது அந்த எண்தான். அரை நாள் சாப்பிடவில்லை என்றால் விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். சாப்பாடு நின்றால் குடலும் நின்றுவிடும். விஷக் கொப்பைக் கடித்ததாகச் சந்தேகம் வந்தாலும் அப்படித்தான், அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. வாந்தி வரட்டும் என்று உப்புத் தண்ணீர் பருக்க வேண்டாம். கடித்த கொப்பை ஒரு பையில் போட்டுக் கூடவே எடுத்துப் போங்கள். போனில் மார்ஸ்வின் என்று சொல்லும்போது மட்டும் கவனம். டேனிஷில் கடலில் துள்ளும் கடற்பன்றிக்கும் அதே பெயர்தான்.

மகள் இப்போது எதை முறித்தாலும் முதலில் என் மூக்குக்கு முன்னால் நீட்டுகிறாள். நேற்று நீட்டியது ரோடோடென்ட்ரன்.